ஆண்கள் மாடி

ஆகஸ்ட் 13, ஒசாகா

இந்நேரம் சிங்கப்பூரில் இறங்கியிருக்க வேண்டும். புயல் வருகிறது என்று காலையிலேயே விமானங்களை ரத்து செய்துவிட்டார்கள். விமான நிலையத்துக்குப் போகிற கடல் பாலத்தையும் மூடிவிட்டார்களாம். நாங்கள் தங்கியிருந்த ஓட்டலில் அறையை வேறு யாருக்கோ கொடுத்தாயிற்று. இந்த வாரம் இங்கே முன்னோர்களுக்குப் படைக்கிற பண்டிகை, ஜப்பான் முழுக்கச் சொந்த ஊருக்குப் போவதும் வருவதுமாக இருக்கிறது, ஒரு அறைகூடக் காலி இல்லை என்று டிராவல்ஸ் ஹரீஷ் கையைப் பிசைந்தான். கோயமுத்தூர் பம்ப் உற்பத்தியாளர் சங்கத்திலிருந்து வந்த எங்கள் கூட்டத்தைப் பிரித்து, பெரும்பாலானவர்களை ஏதோ தூரத்து ஊருக்கு அழைத்துப் போய்விட்டான். மிச்சம் நாலு பேர் இங்கே. நானும் இவரும், குழந்தைவேலுவும் அவர் மனைவி தமயந்தியும்.

வேறு யாராவது எங்களோடு இருக்கட்டும் என்று ஹரீஷிடம் தனியாகக் கேட்டுப் பார்த்தேன். முடியாது என்றுவிட்டான். குழந்தைவேலு மோசமான மனிதர் இல்லை. எங்கள் ஊர்க் கணபதிப் பகுதியில் இரும்பு வார்க்கிற ஃபவுண்டரி வைத்திருக்கிறார். சங்கத்தின் வாட்ஸப் குழுவை நடத்துவதும் அவர்தான். அவர் காதில் ஒன்று விழுந்தால் சாயங்காலத்துக்குள் பீளமேடு முழுக்கத் தெரிந்துவிடும்.

இது கேப்ஸ்யூல் ஓட்டல். அறையே கிடையாது. ரயில் பெர்த் மாதிரி கீழே ஒன்று மேலே ஒன்றாகச் சுவருக்குள் நீளமான பொந்துகள். தலையணை, விளக்கு, ஒரு சின்ன அலமாரி. கதவுக்குப் பதில் பாய் மாதிரி ஒரு திரையை இழுத்து மூடிக்கொள்ள வேண்டும். செருப்பை வாசலிலேயே பூட்டி வைத்துவிட்டுச் சாவியைக் கவுண்டரில் கொடுத்தோம். பெரிய பெட்டிகளைக் கீழே சங்கிலி போட்டுக் கட்டிவிட்டார்கள். எல்லாருக்கும் காப்பிப்பொடி நிறத்தில் ஒரே மாதிரி சட்டை, கால்சட்டை.

இதெல்லாம் பரவாயில்லை. பெண்கள் ஏழாவது மாடியாம். ஆண்கள் நாலாவதாம். லிஃப்டும் தனித்தனி. என் சாவி அட்டை அவர்கள் லிஃப்டைத் திறக்காது, அவர் அட்டை எங்களுடையதைத் திறக்காது. கவுண்டரில் இருக்கிற பெண் நேபாளத்துக்காரி, பெயர் பினிதா. அவளுக்கு இந்தி தெரியும், எனக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் தெரிந்த கொஞ்ச இங்கிலீஷில், புருஷன் பெண்டாட்டி ஒரே இடத்தில் இருக்க வழி உண்டா என்று கேட்டேன். இரண்டு கையையும் குறுக்காக வைத்துக் காட்டினாள். இவருக்குச் சர்க்கரை, மாத்திரை நான்தான் கொடுக்க வேண்டும் என்றேன். கீழே பொது லவுஞ்சில் வைத்துக் கொடுங்கள் என்றாள். இவருக்குச் சர்க்கரை கிடையாது. வாயில் அப்படி வந்துவிட்டது.

படுக்கை எண்ணை இவர் உள்ளங்கையில் பேனாவால் எழுதினேன். குழந்தைவேலு பார்த்துக்கொண்டிருந்ததால் விளையாட்டுக்குச் செய்வதுபோல் சிரித்துக்கொண்டே எழுதினேன். இவரும் சிரித்தார். வரிசையில் முன்னால் போய் நின்றார். லிஃப்ட் மூடும்போது எங்கே என்னைக் காணோம் என்று தலையை நீட்டிப் பார்த்தார்.

பயணக் களைப்பு. ஒரு வருஷமாகவே களைப்பாகத்தான் இருக்கிறார். அறுபத்திமூன்று வயதுவரை ஞாயிற்றுக்கிழமைகூட ஓயாத மனிதர்.

படுத்ததும் போன் செய்தேன். எடுக்கவில்லை. தூங்கியிருப்பார்.

ஆகஸ்ட் 14

காலையில் லிஃப்டுக்கு எதிரே காத்து நின்றேன். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் காப்பிப்பொடிச் சட்டை போட்ட ஆண்கள் வந்தார்கள். எல்லாரும் ஒரே மாதிரி. இவர் வந்தபோது எனக்கே ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தார். நன்றாகத் தூங்கினீர்களா என்று கேட்டேன். என் முகத்தையே பார்த்தார். பிறகு தோளைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் கவுண்டரைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

பகலில் சுத்தம் செய்வதற்காக எல்லாரையும் வெளியே அனுப்பிவிடுகிறார்கள். மழை பிடித்துக்கொண்டது. நல்ல வேளை, பக்கத்திலேயே பூமிக்கடியில் ஒரு கடைத்தெரு ஓடுகிறது. குழந்தைவேலுவும் தமயந்தியும் கூடவே வந்தார்கள். அவர் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தார். ஊருக்குப் போனதும் சங்கத் தேர்தல், அண்ணன்தான் மறுபடியும் தலைவர் என்று இவரைப் பார்த்துச் சொன்னார். இவர் தலையை ஆட்டினார். நான் இவர் கையை மணிக்கட்டில் பிடித்திருந்தேன். வழுக்குகிறது என்று சொல்லிக்கொண்டேன். தரை நன்றாகக் காய்ந்துதான் இருந்தது.

துணி துவைக்கிற இடம் ஒன்று கண்டுபிடித்தோம். காசு போட்டால் இயந்திரமே துவைத்து உலர்த்திக் கொடுக்கிறது. இவர் அதன் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு துணி சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் தெளிவாக இருந்தது. மோட்டார் சத்தம் பிடித்துப்போயிருக்க வேண்டும். துவைத்து முடிந்த பிறகும் எழுந்திருக்க மனமில்லை. அழுக்கு இல்லாத துண்டை மறுபடி போட்டு ஓடவிட்டேன். அதுவரைக்கும் என்னாலும் உட்கார முடிந்தது.

சாப்பாட்டுக்குச் சோற்று உருண்டை. உள்ளே உப்பில் ஊறின ஒரு பழம், நம் நாரத்தங்காய் ஊறுகாய் போலப் புளிக்கிறது. தமயந்தி கொண்டு வந்த தேங்காய்ப் பொடியைத் தொட்டுக்கொண்டோம். இவர் சாப்பிட்டுக் கை கழுவி வந்து, சாப்பிடப் போகலாமா என்றார். தமயந்தி சட்டென்று இன்னொரு உருண்டையைப் பிரித்து அவர் கையில் கொடுத்தாள். பசி அதிகம் இந்த ஊரில், எங்கே போனாலும் ஏசி அல்லவா என்றேன். ஆமாம் அக்கா என்றாள்.

இரவுச் சாப்பாடு முடிந்து மேலே போன கொஞ்ச நேரத்தில் இவரே போன் செய்தார்.

"ஏ வசந்தா, லோடு வந்துருச்சா?"

எந்த லோடுங்க என்று மெதுவாகக் கேட்டேன். இந்த மாடியில் இருமினால்கூடக் கேட்கும், அவ்வளவு அமைதி. காஸ்டிங் லோடு, கேட்டுக்கு வெளியே லாரி நிற்கிறதே, சத்தம் கேட்கவில்லையா என்று பட்டறையில் பேசுகிற குரலில் கேட்டார். வெளியே புயல் காற்று அப்போதுதான் அடிக்கத் தொடங்கியிருந்தது. நாம் ஜப்பானில் இருக்கிறோம் என்றேன். கோபம் வந்துவிட்டது. யார் கிட்ட கதை உடறே என்றார். கடைசியில் லோடு வந்துவிட்டது, இறக்கியாயிற்று, படுங்கள் என்றேன். சரி என்று வைத்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் பினிதா என் திரைக்கு வெளியே வந்து மண்டி போட்டு உட்கார்ந்து, படுக்கை மாடியில் போன் பேச வேண்டாம், கீழே மற்றவர்கள் தூங்க முடியவில்லை என்று கையைக் கூப்பினாள். இனிமேல் நான் அவரைக் கூப்பிடக் கூடாது. அவர் கூப்பிட்டாலும் எடுக்கக் கூடாது.

அரைத் தூக்கத்தில் பேசியிருக்கிறார். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 15, காலை

விடியும்போது யாரோ என் காலைத் தொட்டார்கள். பினிதா. கையில் மொழிபெயர்க்கிற ஒரு சின்னக் கருவி. அதில் ஏதோ பேசினாள். கருவி தமிழில் சொன்னது:

"உங்கள் கணவர் மற்ற மனிதர்களைத் திறக்கிறார்."

எனக்கு விளங்கவில்லை. இன்னொரு தடவை பேசச் சொன்னேன். அதே வார்த்தைகள்தான் வந்தன. பிறகு அவள் என் படுக்கைத் திரையைப் பிடித்து மேலே தூக்கிக் காட்டினாள், கீழே இறக்கினாள். பக்கத்துப் படுக்கையைக் காட்டி அதே மாதிரி செய்வதுபோல் காட்டினாள். விளங்கிவிட்டது.

லிஃப்டில் கீழே போய், ஆண்கள் லிஃப்டுக்கு முன்னால் நின்று என் அட்டையை வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி வைத்தேன். பினிதா என் கையைப் பிடித்து இறக்கினாள். அவளும் பெண்தானே, அவளாலும் போக முடியவில்லை. ஆண் பணியாளர் ஒருவர் மேலே போயிருக்கிறாராம். மாடிப்படி எங்கே என்று கேட்டேன். அதற்கும் பூட்டு. மூன்று மாடிக்கு மேலே நான் தாலி கட்டிக்கொண்ட மனிதர் இருக்கிறார், நடுவில் ஒரு அட்டை.

கொண்டு வந்தார்கள். வெறுங்காலோடு, இரண்டு பக்கமும் இரண்டு பேர் நடத்திக்கொண்டு வந்தார்கள். யாரையும் அடிக்கவில்லை, சத்தம் போடவில்லை. வரிசையாக ஒவ்வொரு திரையாகத் தூக்கிப் பார்த்திருக்கிறார். தூங்குகிறவர் முகத்தருகே குனிந்து பார்த்துவிட்டு அடுத்த திரைக்குப் போயிருக்கிறார். ஒருவர் பயந்துபோய்த் தலையை மேலே இடித்துக்கொண்டாராம். நெற்றியில் ஈரத் துணியை வைத்துக்கொண்டு அவரும் வந்து நின்றார். நான் அவரைக் கும்பிட்டேன். அவர் எனக்குக் குனிந்தார்.

இவர் கால்சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது. குடிக்கிற தண்ணீரைக் கொட்டிக்கொண்டார் போலிருக்கிறது. தரைத் தளத்தில் ஊனமுற்றவர்களுக்கான கழிப்பறை ஒன்று இருக்கிறது. அங்கே மட்டும்தான் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நுழைய முடியும். உள்ளே தாழ் போட்டு, இவரைக் கழுவிவிட்டு, வேட்டி கட்டிவிட்டேன். கழுவும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியே வந்தால் மேனேஜர் காத்திருந்தார். வயதானவர். அவர் கருவியில் மெதுவாகப் பேசினார். விருந்தினர்கள் கவலைப்படுகிறார்கள். இன்று இரவு உங்கள் கணவரோடு ஒருவர் இருக்க வேண்டும். இல்லையென்றால் நாங்கள் வைத்துக்கொள்வது கடினம். மன்னியுங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் குனிந்தார். அவர் குனியக் குனிய என்னால்தான் நிற்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்துக் குழந்தைவேலு லிஃப்டிலிருந்து வந்தார். வேட்டியோடு நிற்கிற இவரையும், குனிந்து நிற்கிற மேனேஜரையும், என்னையும் பார்த்தார். இவருக்குக் கொஞ்சம் தலைசுற்றல் என்றேன். அந்த மனிதர் ஒன்றும் கேட்காமல் போய் இவருக்கு டீ வாங்கி வந்தார். அதிசயம்தான்.

மகன் நவநீதன் கூப்பிட்டான். கம்பெனிக்குக் கொடியேற்றப் போகிறானாம். அப்பாவிடம் கொடுங்கள் என்றான். அப்பா குளிக்கப் போயிருக்கிறார் என்றேன். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். போனைப் பார்த்து, யாரு, என்றார்.

ஹரீஷுக்குப் போன் செய்து வேறு எங்காவது, எவ்வளவு தூரமானாலும், ஒரே அறையாகப் பார் என்றேன். ரயிலெல்லாம் நிறுத்திவிட்டார்கள் அம்மா, நானே இங்கிருந்து நகர முடியவில்லை என்றான்.

ஆகஸ்ட் 15, மதியம்

விமானம் இன்றும் இல்லை.

ஆகஸ்ட் 15, மதியத்துக்குப் பின்

புயல் என்பதால் இன்று யாரையும் வெளியே அனுப்பவில்லை. லவுஞ்சில் உட்காரவிட்டார்கள். கண்ணாடிக்கு வெளியே மழை படுக்கைவாட்டில் பெய்கிறது. யாருடைய குடையோ எலும்பு மட்டும் தெருவில் உருண்டு போயிற்று. குழந்தைவேலுவும் தமயந்தியும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இவர் திடீரென்று தெளிவாகப் பேசினார். அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"வசந்தா, மொத நாள் நைட்டு நான் செத்துப்போயிட்டேன்னு நெனச்சேன்."

ஏனுங்க இப்படியெல்லாம் பேசறீங்க என்றேன்.

"இல்ல, கேளு. முழிச்சுப் பாத்தா பொட்டிக்குள்ள படுத்திருக்கேன். தலைக்கு மேல பலகை. பக்கத்துலயும் பலகை. சரி, ஆயிருச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். போன் அடிச்சுது. எடுக்கல. செத்தவன் பேசுனா இருக்கறவீங்க பயந்துக்குவாங்கல்ல. அதான் கம்முனு படுத்திருந்தேன்."

பயமாக இருந்ததா என்று கேட்டேன்.

"பயமில்ல. உங்கிட்ட சொல்லாம வந்துட்டனேன்னுதான் இருந்துச்சு."

நான் பேச்சை மாற்றலாம் என்று காப்பி வேண்டுமா என்றேன். காதில் வாங்கவில்லை.

"நேத்து எந்திரிச்சுப் பாத்தேன். அந்தப் பக்கம் பூரா பொட்டி. எல்லாத்துலயும் ஆளுக. நீயும் வந்துட்டியோன்னு ஒவ்வொண்ணாத் தொறந்து பாத்தேன். நீ இல்ல. நல்ல வேளைன்னு இருந்துச்சு."

அப்படிச் சொல்லிவிட்டு என் முழங்காலில் தட்டினார், நல்ல செய்தி சொன்ன மாதிரி. பிறகு அவர் கண் மறுபடியும் எங்கோ போய்விட்டது. அந்தத் துணி துவைக்கிற மிஷின் எவன் செய்தது, மோட்டார் என்ன ஹெச்பி என்று கேட்டார்.

நான் எழுந்து கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

களைப்பு, களைப்பு என்று எழுதிக்கொண்டே வந்திருக்கிறேன். எழுதினதைப் புரட்டிப் பார்த்தேன். களைப்பு இல்லை. இது என்னவென்று எனக்குத் தெரியும். பெயரைத்தான் யாரும் சொல்லிவிடக் கூடாது என்று எந்த டாக்டர் வாசலுக்கும் இவரைக் கூட்டிப் போகவில்லை.

இன்று இரவும் அவரை அந்த லிஃப்டில் ஏற்றி அனுப்ப வேண்டும்.

ஆகஸ்ட் 15, படுக்கையிலிருந்து

சாயங்காலம் இவர் சோபாவில் கண்ணயர்ந்த நேரம் பார்த்துக் குழந்தைவேலுவிடம் போனேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், தம்பி, உங்களிடம் ஒரு உதவி என்றேன். தமயந்தி எழுந்து போகப் பார்த்தாள். இருக்கச் சொன்னேன். அண்ணனுக்குக் கொஞ்ச நாளாக ஞாபகம் சரியில்லை என்றேன். அந்த ஒரு வாக்கியம் வாயை விட்டு வெளியே வந்ததும் நிறுத்த முடியவில்லை. சட்டைப் பொத்தான், சாவி, நவநீதன் பெயர், வீட்டுக்குள்ளேயே வீட்டுக்குப் போகலாம் என்று கிளம்புவது, எல்லாம் வந்துவிட்டது. யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், சங்கத்தில் அவருக்கென்று ஒரு மரியாதை இருக்கிறது என்றேன்.

குழந்தைவேலு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"தெரியுமுங்க்கா."

எவ்வளவு நாளாக என்று கேட்டேன்.

"பொங்கல் விழாவுல அண்ணன் பேச எந்திரிச்சாருல்லீங்க. அதே தாளையே மூணு தடவ படிச்சாரு. நாங்க மூணு தடவையும் கை தட்டுனம்."

அன்று நான் பெண்கள் பக்கம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கைதட்டலைக் கேட்டு, அப்பாடா, யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

குழுவில் ஒருவன் கேலியாக ஏதோ போட்டானாம். குழந்தைவேலு அதை அழித்துவிட்டு அவனையும் வெளியே தள்ளினாராம். இந்தப் பயணத்தில் எங்கே போனாலும் அண்ணன் பக்கத்தில் யாராவது ஒருவர் நடப்பது என்று முதல் நாளே பேசி வைத்துக்கொண்டார்களாம். தமயந்தி அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. இங்கே எங்களோடு தங்குவதற்கு அவர்களேதான் ஹரீஷிடம் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஊரே பார்த்துக்கொண்டிருக்க நான் மட்டும் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன். எப்படீங்க்கா சொல்றது, நீங்க அவ்வளவு பாடுபட்டு மூடிக்கிட்டிருந்தீங்க என்றார் குழந்தைவேலு.

இரவு இவரைப் பார்த்துக்கொள்ள ஒத்துக்கொண்ட குழந்தைவேலுவின் படுக்கையை இவருக்கு எதிரே மாற்றிக்கொடுத்தார் மேனேஜர். மதியம் இவர் என்னிடம் சொன்னதைக் குழந்தைவேலுவிடம் சொன்னேன். இவர் விழித்தால், இது ஓட்டல், நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள், வசந்தா மேலே இருக்கிறாள் என்று சொல்லுங்கள் என்றேன். மேலே என்று சொல்லாதீர்கள், பக்கத்தில் என்று சொல்லுங்கள் என்று திருத்தினேன். சரிங்க்கா, சரிங்க்கா என்று கேட்டுக்கொண்டார். ஒரு பெரிய மனிதருக்கு இப்படிப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேனே என்று நடுவில் தோன்றிற்று. நிறுத்த முடியவில்லை. கழிப்பறைக்கு இவர் தானாகப் போக மாட்டார், கேட்க வேண்டும் என்பதையும் சொன்னேன். அதற்கும் சரிங்க்கா என்றார்.

லவுஞ்சை மூடுகிற நேரம் வந்தது. லிஃப்டுவரை கூட்டிப் போனேன். குழந்தைவேலு உள்ளே போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். இவர் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார்.

"நீ வரலயா?"

"பின்னாலயே வர்றனுங்க. நீங்க முன்னால போங்க."

"அங்க கொண்டுபோய் மறுபடியும் பொட்டிக்குள்ளதான வெப்பாங்க?"

இல்லீங்க என்றேன். விடவில்லை. குழந்தைபோல் பிடிக்கவில்லை, ஸ்பானரைப் பிடிப்பாரே, அந்தப் பிடி. லிஃப்ட் கதவு மூடப் பார்த்துப் பார்த்துத் திறந்துகொண்டிருந்தது. மணி ஒலி கேட்டுப் பினிதா எட்டிப் பார்த்தாள். நான் இவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் இவர் பிடித்த கையை நான் பிரித்தது இதுதான் முதல் தடவை. வலித்திருக்கும். குழந்தைவேலு தோளில் கை போட்டு உள்ளே இழுத்துக்கொண்டார். கதவு மூடிற்று.

தமயந்தி எனக்கு எதிர்ப் படுக்கையில் இருக்கிறாள். திரையை இறக்காமல் என் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். காற்று அடங்கிவிட்டது. இப்போது இந்தக் கட்டடத்தில் சத்தமே இல்லை. மேலும் கீழும் எத்தனையோ பேர் படுத்திருக்கிறார்கள். நானும் மல்லாந்து படுத்து மேலே இருக்கிற பலகையைப் பார்க்கிறேன். அவர் சொன்னது சரிதான். அப்படித்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 16

பாலத்தைத் திறந்துவிட்டார்கள். மாலையில் விமானம். ஹரீஷ் பஸ் அனுப்புகிறேன் என்றான்.

காலையில் லிஃப்ட் திறந்ததும் இவர் முதல் ஆளாக வந்தார். குளித்து, தலை வாரி, சொந்தச் சட்டை போட்டு, பொத்தான்கூடச் சரியாக இருந்தது. பின்னால் குழந்தைவேலு சுவரைப் பிடித்துக்கொண்டு காலை இழுத்து இழுத்து நடந்து வந்தார். கண் இரண்டும் கோவைப்பழம். தமயந்தி ஓடிப்போய்க் கையைக் கொடுத்தாள். எங்க வீட்டுக்காரருக்கு முட்டி மடங்காதுக்கா, நாலு வருஷமா தரையில உக்காந்ததே இல்ல என்றாள் என்னிடம். பேசாம இரு என்று அவளை அடக்கினார்.

பினிதா கருவியைத் தேடாமல் கையாலேயே எனக்குக் காட்டினாள். மேலே போயிருந்த பணியாளர் அவளிடம் சொல்லியிருக்கிறார். ஒருவர் நடைபாதைத் தரையில் உட்கார்ந்திருக்கிறார். திரைக்கு அடியில் ஒரு கையை உள்ளே விட்டிருக்கிறார். அப்படியே சுவரில் தலையைச் சாய்த்திருக்கிறார். நடைபாதையில் உட்காரக் கூடாது என்பது விதி. மேனேஜர் ஒரு போர்வை கொடுத்தனுப்பினாராம்.

நன்றாகத் தூங்கினீர்களா என்று இவரைக் கேட்டேன்.

"ரொம்ப நாளைக்கு அப்பறம் நல்ல தூக்கம். நடுவுல ரெண்டு மூணு வாட்டி முழிச்சேன். நீதான் கைய உடவே இல்லையே."

குழந்தைவேலு அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடித்ததை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"ஆமாங்க," என்றேன்.

பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் இவரை உட்காரவைத்தேன். பாலத்தில் ஏறும்போது இரண்டு பக்கமும் கடல். புயல் வந்து போன அடையாளமே இல்லை, வெயில் பளபளவென்று அடித்தது. குழந்தைவேலு முன் இருக்கையில் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனார். நவநீதனிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். முதல் வாக்கியம் கிடைத்துவிட்டால் மற்றது வந்துவிடும் என்று நேற்று தெரிந்துகொண்டேன். அந்த முதல் வாக்கியம்தான் கிடைக்கவில்லை.

கண்ணயர்ந்திருந்த இவர் பாதிப் பாலத்தில் விழித்தார். பக்கத்தில் துழாவி என் கையைப் பிடித்தார். பிடித்து, கட்டை விரலால் என் உள்ளங்கையை மெதுவாகத் தடவினார். திருப்பிப் பார்த்தார். விரல்களை அழுத்திப் பார்த்தார். முகத்தில் ஒரு குழப்பம், ராத்திரி பிடித்திருந்த கை இது இல்லை என்பதுபோல். பிறகு, தெரியாதவர்கள் பொருளை எடுத்துவிட்ட மாதிரி, என் கையைத் தூக்கி மரியாதையாக என் மடியிலேயே வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக் கடலைப் பார்க்கத் தொடங்கினார்.